அக்காளிடம் கேட்கக் கூடாத கேள்வி

அந்தத் தீவில் கெபுவேலிக்கு எல்லாருடைய உடம்பும் தெரியும், ஒருத்தியுடையதைத் தவிர. யாருக்கு மூலம், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்த உபதேசியார் சர்க்கரையை மறைத்துக்கொண்டு விருந்தில் பன்றிக்கறியை வெளுத்துக் கட்டுகிறார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. டோங்கா நாட்டின் அந்தக் கடைக்கோடியில் டாக்டர் கிடையாது. இருந்த ஒரே மருந்தகத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாத அந்த ஒருத்தி, மருந்தகத்துக்குப் பின்வீட்டில் இருந்த சொந்த அக்காள் லூபே.

அங்கே அக்காள் தம்பி மரியாதை அப்படி. மீசை அரும்புமுன்பே அவனைத் தனிக் குடிசையில் படுக்க அனுப்பிவிட்டார்கள். அவள் இருக்கும் அறைக்குள் அவன் கால் வைத்ததில்லை. அவளுடைய உடம்பைப் பற்றி ஒரு சொல் அவன் காதில் விழுந்தாலும் இரண்டு பேருக்கும் அவமானம். அதனால் பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அவன் தோட்டத்து முதல் கிழங்கு அவள் வீட்டுக்குத்தான் போகும். விசேஷங்களுக்கு ஊர் வழக்கப்படி அவன் இடுப்பில் சுற்றுகிற பாய் அவள் முடைந்தது. பின்வீட்டில் தாழை ஓலை கீறுகிற சத்தம் கேட்டால் அக்காள் சௌக்கியம் என்று அவனுக்குத் தெரியும். அதற்குமேல் தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமையும் இல்லை.

ஒருநாள் லூபேயின் புருஷன் செமிசி வந்து நின்றான். வாயைத் திறந்தால் கேலிதான் வரும் அவனுக்கு. அன்றைக்கோ தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மச்சான், வீட்டுல ஒருத்தருக்குக் கொப்புளமா வந்திருக்கு. ஒரு பக்கமா, வரிசையா. துணி பட்டாலே உயிர் போகுதாம்."

"எந்த..." என்று ஆரம்பித்த கெபுவேலி மிச்சத்தை விழுங்கினான். வேறு யாராக இருந்தாலும் எந்த இடத்தில் என்று பார்த்திருப்பான். சர்க்கரை உண்டா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, கிட்னி எப்படி என்று குடைந்திருப்பான். 'வீட்டுல ஒருத்தர்' யார் என்று இருவருக்கும் தெரியும். அதனால் ஒன்றும் கேட்கவில்லை. அக்கி என்று முடிவு செய்து, முழு அளவு மாத்திரையை எடுத்துக் கொடுத்தான்.

"தினம் அஞ்சு வேளை. ஒண்ணுகூட விடக்கூடாது."

"என் பொண்டாட்டியோட தம்பி குடுத்த மருந்து. விட்டா என்னை வீட்டைவிட்டே விரட்டிடுவா!" என்றான் செமிசி. சிரிப்பு அப்போதுதான் அவனுக்குத் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் ஓலை கீறுகிற சத்தம் நின்றுவிட்டது. வலியில் படுத்திருப்பாள் என்று கெபுவேலி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். மறுநாள் காலையில் செமிசி ஓடிவந்தான்.

"கை ரெண்டும் தூக்கித் தூக்கிப் போடுது. நாக்கு குழறுது. 'நான் செத்துட்டேன், இன்னும் ஏன்டா புதைக்காம வெச்சிருக்கீங்க'ன்னு என்னையே திட்டுறா மச்சான். உங்க அம்மா வந்து கால்மாட்டுல உக்காந்திருக்காங்களாம்."

ஊருக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்ன? செத்தவர் வந்து பிடித்திருக்கிறார். கல்லறைக்குள் ஏதோ ஒரு வேர் எலும்பைக் குத்திக்கொண்டிருக்கும். தோண்டி, வேரை வெட்டி, எலும்பில் எண்ணெய் பூசினால் விட்டுவிடும். படித்தவன் இதை நம்பலாமா என்று கேட்காதீர்கள். கெபுவேலி பாதி நம்பினான். அம்மாவின் கல்லறையைக் கூட்டிப் பெருக்கி வருஷக்கணக்காகிவிட்டது என்ற குற்ற உணர்ச்சி வேறு அவனைப் பிடுங்கியது.

மீதிப் பாதி மனசுதான் அவனைத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட வைத்தது. எடுத்தவள் ஒரு டாக்டரம்மா, டோங்காக்காரி.

"அக்கி மாத்திரையா? அவங்களுக்குக் கிட்னி எப்படி?"

"தெரியாது டாக்டர்."

"நோயாளியைக் கேக்கவே இல்லையா?"

"என் அக்கா அவங்க."

டோங்காக்காரிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "அந்த மருந்தை வெளியேத்துறது கிட்னியோட வேலை" என்றாள் அவள் மெதுவாக. "அது முடியலைன்னா மருந்து உடம்புலயே தங்கித் தலைக்கு ஏறிடும். இப்பவே புருஷனைக் கேளுங்க. அடுத்த மாத்திரை உள்ளே போகக் கூடாது."

புருஷன் இடுகாட்டில் இருந்தான். பெரியவர்கள் ஜெபம் முடித்து, மண்மேட்டின்மேல் போர்த்தியிருந்த பூத்துணியை விலக்கி, பாதி தோண்டியிருந்தார்கள். குழிக்குள் நின்ற செமிசியின் சட்டைப்பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. மத்தியான வேளையைத் தவறவிடக் கூடாது என்று எடுத்து வந்திருக்கிறான். தனியாக அழைத்துப் பேசக் குழிக்குள்ளிருந்து அவனை ஏற்றவேண்டும். ஜெபித்துத் தொடங்கிய வேலையில் நடுவே யாரும் ஏறக் கூடாது.

"மச்சான், அக்காவுக்கு மூத்திரம் போகுதா?"

மண்வெட்டிகள் நின்றன. அக்காளின் மூத்திரத்தைப் பற்றி, ஊர் ஆண்களுக்கு நடுவே, பெற்ற தாயின் திறந்த கல்லறை ஓரத்தில் நின்று ஒரு தம்பி கேட்கிறான்! ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். "பேய் இவனையும் பிடிச்சிடுச்சு போல" என்றார் இன்னொருவர்.

"வாயை மூடு" என்றான் செமிசி பல்லைக் கடித்துக்கொண்டு.

"போகுதா இல்லையா?"

"ரெண்டு நாளா... சொட்டுக்கூட இல்ல."

"கிட்னி?"

செமிசியின் முகம் சுருங்கிப்போனது. "போன வருஷம் தலைநகர்ல பாத்தாங்க. பெரும்பகுதி போயிடுச்சுன்னாங்க. 'என் தம்பி காதுக்குப் போகக் கூடாது, அவன் முகத்துல எப்படி முழிப்பேன்'னு சத்தியம் வாங்கிட்டா."

கெபுவேலி குழியின் விளிம்பில் மண்டியிட்டு, கையை நீட்டி அவன் சட்டைப்பையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கினான்.

காற்று பலமாக இருந்ததால் தலைநகருக்குப் படகு போகவில்லை. டாக்டரம்மா போனில் சொல்ல, கெபுவேலி அதை வாசலில் நின்று சொல்ல, செமிசி உள்ளே செய்தான். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத் திரும்பி, தேங்கிய மருந்து வடிய, ஒரு வாரத்தில் நடுக்கம் அடங்கியது. அம்மா எழுந்து போய்விட்டாள். தான் உயிரோடிருப்பதாக லூபே ஒப்புக்கொண்டாள்.

ஊர் அதற்கு வேறு கணக்கு சொன்னது. குழியில் உண்மையிலேயே ஒரு வேர் இருந்தது. மணலில் எங்கே தோண்டினாலும் வேர் இருக்கும். அதை வெட்டியதும் லூபே பிழைத்தாளாம். கெபுவேலி அம்மாவின் தலைமாட்டில் பேசிய அசிங்கம் மட்டும் அவன் பேரில் நின்றது. ஆண்கள் கூடி காவா என்ற வேர்ச்சாறு குடிக்கிற வட்டத்தில் அவனுக்கு இடம் விடச் சிலர் யோசித்தார்கள். அது அவனுக்கு வலிக்கத்தான் செய்தது.

பின்னொரு சாயங்காலம் செமிசி அவனைக் கூப்பிட்டுப் பின்வீட்டுப் படியில் உட்கார வைத்தான். சுவருக்கு முதுகு, கடலுக்கு முகம். உள்ளே லூபே புருஷனிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினாள். இதுவரை அவன் கேட்டிராத பேச்சு.

"இன்னைக்குக் கால் வீக்கம் முழங்கால் வரைக்கும் வந்திருக்கு. மூத்திரம் கொஞ்சந்தான். சோறு வாசனையே பிடிக்கல."

சொல்லி முடித்ததும் ஓலை கீறத் தொடங்கினாள். கெபுவேலியின் காது வெட்கத்தில் எரிந்தது. அவள் சொன்னதற்கெல்லாம் அர்த்தம் தெரியும் என்பதால் நெஞ்சும் எரிந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரம் அந்தத் தீவில் இல்லை, தலைநகரிலும் இல்லை. கடல் தாண்டி வேறு நாட்டுக்குத்தான் போகவேண்டும்.

செமிசி வெளியே வந்தான். "கேட்டுச்சா? அந்த மாத்திரையைத்தான் நிறுத்திட்டோமே மச்சான். இனி சரியாயிடும்ல?"

உள்ளே ஓலைச் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கெபுவேலி கடலைப் பார்த்தபடி, அவளுக்கும் எட்டுகிற குரலில் சொன்னான்.

"மருந்தால வந்தது போயிடுச்சு மச்சான். கிட்னியால வந்தது போகாது."

செமிசி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உள்ளே ஓலை கீறுகிற சத்தம் மறுபடி கேட்டது.