பெட்டிக்குள் அலறிய போன்கள்

நோரீனுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். சில மனிதர்களைத்தான் பிடிக்காது. அவர்களுக்கே வாரா வாரம் சமைத்துப் போடும்படி ஆகிவிட்டது அவள் பிழைப்பு.

வடக்குக் கலிபோர்னியாவின் மலைக்காட்டில் டோபின் என்பவன் நடத்தும் முகாம் அது. நகரத்துக்காரர்கள் வாரக் கடைசியில் அங்கே வந்து, இரண்டு நாள் போனைத் துறந்து நிம்மதி தேடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை வட்டமாக நின்று, ஆளுக்கு ஆள் போனை அணைத்து, நெஞ்சில் ஒற்றி, ஒரு மரப்பெட்டிக்குள் வைப்பார்கள். அழுகிறவர்களும் உண்டு. டோபின் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கும் நோரீன், "கொழுப்பு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள்.

ஐம்பத்தாறு வயது. மரம் அறுக்கும் ஆலையில் பலகை தூக்கியிருக்கிறாள், பள்ளிக்கூட பஸ் ஓட்டியிருக்கிறாள். கணவன் வெஸ், மரம் வெட்டப் போன இடத்தில் இடுப்பை உடைத்துக்கொண்டு நாலு வருடமாக வீட்டோடு கிடக்கிறான். ஊன்றுகோலோடு வாசல்வரை வருவான், அவ்வளவுதான். வீடு அடுத்த மலைச்சரிவில். இருப்பது ஒரே வண்டி. அதை அவள் வேலைக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

இந்தக் கோடையில் டோபின் புது விதி போட்டான். வேலை செய்கிறவர்களும் போனைக் கொடுத்துவிட வேண்டுமாம்.

"வெஸ் தனியா இருக்கான். காடு தீப்புடிக்கிற மாசம் இது. போனு என் பையிலதான் இருக்கும்" என்றாள் நோரீன்.

"உங்க பயம்தான் உங்களப் போனோட கட்டிப் போட்டிருக்கு, நோரீன். ஆபீஸ் நம்பர் இருக்கே, அவர் அதுல கூப்பிடட்டும்."

இதை விட்டால் வேறு வேலை நாற்பது மைல் தள்ளித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். திரை கறுத்து முழுசாக அணைகிறவரை டோபின் பக்கத்திலேயே நின்றான். காசு கொடுத்து வந்தவர்களை மட்டும் வாய்ச்சொல்லில் நம்பினான்.

சனிக்கிழமை மதியம், முப்பது பேர் புல்தரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரம், பெட்டி அலறியது. அத்தனை போனும் ஒரே குரலில். ஒரு புண்ணியவான்கூட அணைக்கவில்லை! திரையை மட்டும் இருட்டாக்கிவிட்டு நெஞ்சில் ஒற்றியிருக்கிறார்கள்.

"யாரும் கண்ணத் தொறக்காதீங்க" என்றான் டோபின், பூனை மாதிரி மெதுவாக. "அது கூப்பிடும். நீங்க போக வேண்டாம். மூச்சக் கவனிங்க."

அந்த மடையர்களும் கவனித்தார்கள். நோரீன் விறகுக் கோடரியோடு வெளியே வந்தாள்.

"டேய், அது தீ எச்சரிக்கைடா! சாவியக் குடு!"

"கத்தாதீங்க, எல்லாரும் பதறிடுவாங்க..."

மூன்று வெட்டில் மூடி பிளந்தது. மேலே கிடந்த போனில் 'காட்டுத் தீ, உடனே வெளியேறவும்' என்று அரசாங்க எச்சரிக்கை இருந்தது. கண்ணை மூடியிருந்தவர்கள் தங்கள் போனைத் தேடி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அவள் போன் ஒன்றுதான் உண்மையாகவே அணைந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். டோபின் குறுக்கே வந்து நின்றான்.

"நாலு பேர ஏத்திக்கிட்டுப் போங்க, நோரீன்!"

"உன்கிட்டதான் ரெண்டு வேன் இருக்கே, அதுல ஏத்து. நான் வெஸ்ஸக் கூட்டிட்டு வரணும். நகருடா, இல்ல உன் மேலயே ஏத்திட்டுப் போயிடுவேன்."

நகர்ந்தான். பாதி வழியில் ஒரு கையால் போனை உயிர்ப்பித்தாள். வெஸ் பதினாலு தடவை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டால் எடுப்பாரில்லை. நோரீன் வாய்விட்டு அழுதுகொண்டே வளைவுகளில் வண்டியை விரட்டினாள்.

வீட்டுக்குப் போகும் மண்பாதை சாலையில் சேரும் இடத்தில், புகைக்குள் வெஸ் குப்புறக் கிடந்தான். வாசலிலிருந்து தவழ்ந்தே வந்திருக்கிறான். உள்ளங்கை இரண்டும் கிழிந்து சதை தெரிந்தது. போன் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பின்னால் விறகுக் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. அக்குளில் கைகொடுத்து இழுத்து வண்டியில் போட்டாள். நாலு மைல் இறங்கி, காற்று தெளிந்த பிறகுதான் அவனுக்கு இருமல் நின்றது.

"பதினாலு தடவ கூப்பிட்டேன். ஆபீஸ்லயும் எவனும் எடுக்கல."

"அந்தப் பாவி பெட்டில வச்சுப் பூட்டிட்டான் வெஸ். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்..."

"பூட்டுனது அவன்." வெஸ் அவள் பக்கம் திரும்பவில்லை. "குடுத்தது நீ."