ஆடி முடிந்தாலும் போகமாட்டேன்!

எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி அது. பிறந்த வீடு கரிவலம்வந்தநல்லூர், புகுந்த வீடு சங்கரன்கோவில். ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழக்கப்படி அம்மா வந்திருந்தாள். பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி அந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று.

என் வீட்டுக்காரர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டால் அந்த வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். நான் புது மருமகள். மாமனார், மாமியார் முன்னால் குரலை உயர்த்தக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "சாப்பாடு வைக்கட்டுமா?" என்று கேட்டால் அவரிடமிருந்து பதில் வராது. ஒருநாள் காய்ச்சலில் கிடந்தேன். "கொஞ்சம் பக்கத்துல இருங்களேன்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் தறிக்குப் போய்விட்டார். அன்றைக்கு வெறுத்துவிட்டது எனக்கு.

ஆனால் அம்மா வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். வாசலுக்கும் அடுப்படிக்கும் சும்மா நடந்துகொண்டே இருப்பேன். "ஆடி முடிஞ்சாலும் போகமாட்டேன்" என்றதும் அம்மா முகம் செத்துவிட்டது. "ஊரு என்னட்டி சொல்லும்?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஊரைப் பற்றி எனக்கென்ன? அந்த மனுஷன் சாப்பிட்டாரா என்று அப்போதும் நினைப்பு ஓடுகிறதே, அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆடித் தபசுத் திருநாளன்று அம்மா வற்புறுத்தி சங்கரன்கோவிலுக்கு இழுத்துப் போனாள். ரத வீதியில் மேளமும் வேட்டும் காதைப் பிளந்தன. வெள்ளாமை செய்யும் சம்சாரிகள், நேர்ந்துகொண்டபடி பருத்தியையும் வத்தலையும் கூட்டத்தில் வாரி இறைத்துச் சூறை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலில் திடீரென்று அவர் என் எதிரே நின்றார். என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"பேசாத மனுசங்கூட என்னால வாழ முடியாது! நான் வரமாட்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டேன். ஜனம் திரும்பிப் பார்த்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் என்னை ஒரு பாத்திரக் கடை ஓரமாக ஒதுக்கிக் கூட்டிப் போனார்.

"நீ எப்பம் பேசுன? ஒதடு அசையும், சத்தம் வராது. எங்கிட்டப் பேசப் பிடிக்காமத்தான் நீ முணுமுணுக்கேன்னுல்லா நெனச்சேன்" என்றார். சின்ன வயதிலிருந்து தறியிலேயே நின்று காது மந்தமாகிவிட்டதாம். எல்லாரும் கத்துகிற வீட்டில் அது யாருக்கும் தெரியவில்லை.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்து கெடந்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. சொல்லாமல் இருந்ததால்தான் நான் போகவே துணிந்தேன் என்று சொன்னேன். அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆடி கழிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு மாமியார் முன்னாலேயே குரலெடுத்துப் பேச ஆரம்பித்து, வாயாடி மருமகள் என்று பெயரும் வாங்கினேன். எங்கள் வீட்டுச் சண்டை, சமாதானம் எதுவும் இன்றுவரை தெருவுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் தெரியாதது என்று ஒன்றும் இல்லை, அந்த நிறைவு ஒன்றே இத்தனை வருஷமாக எனக்குப் போதுமானதாக இருக்கிறது.