சமதரை தேடி வந்தவர்

மலையில் வீடென்றால் ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் ரோட்டுக்குக் கீழே இருக்கும். குன்னூரில் தேவசகாயத்தின் வீடு கீழே இருந்தது. கால் நன்றாக இருந்தவரை ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற படிகளை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கரண்டுக் கம்பம் ஏறுகிற ஆளுக்குப் படி ஒரு பெரிய விஷயமா? ஓர் ஐப்பசி மழையில், மரம் சாய்ந்து அறுந்துபோன கம்பியைச் சேர்க்க ஏறியவர் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது போனதுதான்.

அதன்பிறகு அவருக்கு மின்வாரிய ஆபீசுக்குள் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். காலையில் அக்கம்பக்கத்து ஆட்கள் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி ரோட்டில் வைப்பார்கள். சாயங்காலம் இறக்குவார்கள். ரோட்டிலிருந்து ஆபீஸ் மேடுவரை தள்ளிக்கொண்டு போவது மனைவி மேரியின் வேலை. அந்த மலையிலேயே பிறந்து, தேயிலைக் கொழுந்து பறித்து வளர்ந்த உடம்பு. மூச்சு வாங்காமல் தள்ளுவாள்.

குளிரைத்தான் அவரால் ஜெயிக்க முடியவில்லை. மார்கழி பிறந்தால் மரத்துப்போன கால்கள் தாமாக வெட்டி இழுக்கும். முழங்கால் நெஞ்சுவரை மடங்கி நிமிர மறுக்கும். மேரி நீவி நீவி நீட்டிவிடுவாள், அது மறுபடியும் மடங்கும். ரிட்டையர் ஆகிற வருஷம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சூடான ஊரா, சமதரையா பாத்துப் போயிடுங்க. இனிமே இந்தக் குளிரைத் தாங்க மாட்டீங்க."

ஊர் தேடும் படலம் தொடங்கியது. ஈரோடு பார்த்தார்கள், கரூர் பார்த்தார்கள், சேலம் பார்த்தார்கள். எந்த ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவரை மேரி அவரைத் தள்ளிப் பார்ப்பாள். அதுதான் ஊருக்குப் பரீட்சை. ஓர் ஊரில் வீடு நன்றாக இருந்தது, ஆனால் வாசலில் சாக்கடையைத் தாண்ட ஒற்றைக் கல்தான் போட்டிருந்தது. இன்னோர் ஊரில் கக்கூஸ் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை.

கடைசியாகக் காஞ்சிபுரம் வந்தார்கள். அவர் பிறந்தது பக்கத்திலிருக்கிற மாகறலில். ஆனால் அங்கே அவர்கள் தெருவுக்கு நல்ல ரோடு கிடையாது, சொந்தமென்று ஒரு மண்சுவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. அதனால் டவுனிலேயே பார்த்தார்கள். ராஜ வீதியில் மேரி தள்ளிக்கொண்டு போனபோது தேவசகாயம் வாய்விட்டுச் சிரித்தார்.

"தேர் உருள்ற ஊரு மேரி இது. அவ்ளோ பெரிய தேரே உருளுதுன்னா என் வண்டி உருளாதா?"

"உருளும்ங்க," என்றாள் மேரி. அது தை மாசம். அப்போதே அவள் ஜாக்கெட் வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பின்னால் நின்று தள்ளுகிறவளின் முதுகை அவர் எப்படிப் பார்ப்பார்?

பேரைச் சொன்னதும் சில வீடுகள் திடீரென்று வேறொருவருக்குப் பேசி முடிந்த வீடுகளாகிவிட்டன. பிள்ளையார்பாளையத்தில் திருஞானசம்பந்தம் என்கிற நெசவுக்காரர் மட்டும் பேரைக் கேட்கவில்லை, நாற்காலியைத்தான் கேட்டார்.

"அகலம் எவ்ளோ வரும் சார்? இது தறி போட்டிருந்த கூடம். தறிக்குழிய மூடி சிமெண்டு போட்டுட்டேன். உள்ள படியே கெடையாது. வாசல்லயும் சரிவா பூசிக் குடுத்துர்றேன். நீங்களே ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தார். தெருவாசலிலிருந்து சமையற்கட்டு, குளியலறைவரை சக்கரம் எங்கும் தடுக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போகிற படிகள் பக்கத்துச் சந்தில் இருந்தன. அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வெயில் பட்டதும் கால்கள் அடங்கின. யாரையும் கூப்பிடாமல், தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தனியாகத் தெருமுனை தாண்டிய அன்று, எதிர்வீட்டு நெசவாளி சிவராஜுக்கும் சேர்த்து டீ சொன்னார். அன்று ஒட்டிய சிநேகம் அப்படியே நின்றது.

மேரிக்கு முதல் கோடையிலேயே உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்தது. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சமைத்தாள். கேட்டால், "பழகிரும்ங்க" என்பாள். அவரும் நம்பினார். நம்புவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

அடுத்த கத்திரி வெயிலில் அது நடந்தது. சிறுநீர் அவர் கட்டுப்பாட்டில் இல்லாததால் படுக்கை விரிப்புகளைத் தினமும் துவைத்தாக வேண்டும். மாடியில் காயப்போட்டதை எடுத்துவர, உச்சி வெயிலில் ஒரு பக்கெட்டோடு மேரி ஏறினாள். வீட்டுக்காரர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாப்பாட்டு நேரம், தறிகள் ஓய்ந்திருந்தன. தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

மேரி இறங்கி வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். போன் போட்டார், அது சமையற்கட்டில் அடித்தது. சிவராஜுக்குப் போட்டார், எடுக்கவில்லை. நாற்காலியைச் சந்துக்குள் உருட்டிப் படிகளின் கீழே நிறுத்தி, தொண்டை கிழியக் கத்தினார். மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நாற்காலியை விட்டு முதல் படியில் சரிந்து உட்கார்ந்தார். முதுகைப் படிகளுக்குக் காட்டி, கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். கால்கள் மூட்டையைப் போலப் பின்னால் இழுபட்டு வந்தன. சிமெண்டு சுட்டது உள்ளங்கைக்கு மட்டும்தான் தெரிந்தது. "ஏசுவே, ஏசுவே" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே ஏறினார்.

மேரி கொடிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் செக்கச்சிவந்து, தோல் வறண்டு கொதித்தது. கண் பாதி திறந்திருந்தது. ஏதோ உளறினாள், ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவளைத் தூக்க அவரால் முடியாது. விரிப்பை இழுத்து அவள்மேல் நிழலாகப் பிடித்தார். கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவை எட்டிப்பார்க்கவும் முடியவில்லை. கைக்குக் கிடைத்தது பக்கெட். முழு வேகத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார்.

கீழே சைக்கிள் பிரேக் போட்டுச் சறுக்கும் சத்தம் கேட்டது.

"எவன்யா அது? மண்டைல உழுந்திருந்தா இன்னாய்யா ஆவுறது?" சிவராஜின் குரல்.

"சிவராஜு! மேல வாப்பா! மேரி... மேரிய பாருப்பா!"

சிவராஜ் ஓடிவந்து மேரியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தேவசகாயம் கொதிக்கிற மாடியில் அப்படியே கிடந்தார். திரும்பி வந்து அவரை இறக்க ஆள் கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மேரி பிழைத்தாள். ஆனால் இடது கையும் பேச்சும் தளர்ந்துபோயின. அதே ஆஸ்பத்திரியில் தேவசகாயத்தின் வேட்டியை விலக்கிய நர்ஸ் திடுக்கிட்டுப் போனாள். தொடை, குதிகால் எல்லாம் கொப்புளம். அவருக்கே தெரியாது.

"இன்னொரு வெயில் காலம் இந்த ஊர்ல இந்தம்மாவுக்கு ஆகாது," என்றார் டாக்டர்.

குன்னூரில் பழைய வீட்டிலேயே இருந்த டிரைவர் மகன் மணிவண்ணன் வந்தான். "ரெண்டு பேரும் கெளம்புங்கப்பா. படிதானே, தூக்கறதுக்கு நான் இருக்கேன்."

"நீ வண்டி ஓட்டப் போயிட்டா, யார்டா தூக்கறது? அந்தக் குழிக்குள்ள எறங்கினா அப்புறம் பொட்டியிலதான் மேல வருவேன். குளிரு வேற. உங்கம்மாவ இட்டுக்கினு போ."

மேரி தலையை ஆட்டி மறுத்தாள். வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினாள். "போன வருசமே... தலை சுத்துச்சுங்க. ரெண்டு வாட்டி விழுந்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா... வேற ஊரு போலாம்பீங்க. படியில்லாத வீடு... எங்க கெடைக்கும்?"

எல்லா ஊரிலும் கதவை அளந்தார்கள், சரிவை அளந்தார்கள். தள்ளுகிறவள் அந்த ஊரில் தாங்குவாளா என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி மேரியைக் காரில் ஏற்றினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்கள், சண்டையில்லாமல் மனஸ்தாபமில்லாமல் பிரிந்தார்கள். சமைத்துப் போடவும் துணி துவைக்கவும் பட்டம்மாள் என்கிற பெண் வந்தாள். நல்லவள்தான், வேலையை முடித்ததும் போய்விடுவாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்த மேரி, பொங்கல்வரை இருந்துவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் அவளால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியவில்லை.

அதனால் மலையடிவாரத்தில் பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. சிவராஜ் ஒரு வேன் பேசி அவரை மேட்டுப்பாளையம் கூட்டிக்கொண்டு போனார். மணிவண்ணன் அம்மாவை மலையிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தான். ஒரு லாட்ஜின் கீழறையில் இருவரையும் விட்டுவிட்டு மற்ற இருவரும் வெளியே போனார்கள்.

மேரி பாதியாய் இளைத்திருந்தாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, முன்பெல்லாம் ராத்திரிதோறும் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதைப் போல, "திரும்பிப் படுங்க," என்றாள்.

"எதுக்கு? நல்லாத்தான் இருக்கேன்."

"படுங்க."

கட்டிலுக்கு மாறிக் குப்புறப் படுத்தார். நல்ல கையால் அவள் வேட்டியை விலக்கினாள். அவள் கை நின்றதை அவரால் உணர முடியவில்லை, மூச்சு நின்றதைத்தான் கேட்டார்.

"இன்னா?"

"புண்ணுங்க. பெருசு. உக்கார்ற எடத்துல... உள்ள குழிஞ்சிருக்கு." இன்னும் குனிந்து பார்த்தாள். "யாரும்... பாக்கலையா?"

பட்டம்மாளிடம் அதைப் பார்க்கச் சொல்ல அவருக்கு வாய் வராது. சிவராஜிடம் கேட்கலாம் என்று தோன்றியதில்லை. வலி இருந்தால் தெரிந்திருக்கும்.

"இல்ல," என்றார், தலையணையில் முகம் புதைந்தபடி.

மேரி பையிலிருந்து துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள். ஒற்றைக் கையால் பிழிய வரவில்லை. பல்லில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு பிழிந்தாள். சொட்டச் சொட்ட அவள் துடைப்பது, தரையில் தண்ணீர் விழும் சத்தத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. வெளியே மணிவண்ணன் கதவைத் தட்டினான். "அம்மா, பனி எறங்கறதுக்குள்ள மலை ஏறணும்."

"இருடா," என்றாள் மேரி.