ரெபேக்கா அக்காவின் வலது கால் ஷூ

ரெபேக்கா அக்கா இறந்துவிட்டார். எங்கள் மாடி வீட்டு ரெபேக்கா அக்கா... ஆம்பூரில் ஷூ கம்பெனி டிசைனர்.

காய்ச்சல் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர், நேற்று ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். இன்று அடக்கம் முடிந்தது.

என் கால் சைஸ் முப்பத்தேழு. பெண்கள் ஷூவுக்கு அக்காவின் கம்பெனியில் சாம்பிள் போடுகிற சைஸும் அதுதான். புது சாம்பிள் வந்தால் மாடியிலிருந்து குரல் வரும்.

"ஏய் ஜெனி, காலை எடுத்துனு வா!"

"மீதி உடம்பு வேணாமாக்கா?"

"அது புக்கு படிக்கட்டும்."

சாம்பிள் ஒரு காலுக்கு மட்டும்தான் இருக்கும். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் ரப்பர் செருப்பு... நான் நொண்டி நொண்டி நடப்பேன். எங்கே கடிக்கிறது என்று அக்கா தரையோடு குனிந்து பார்ப்பார்.

போன மாதம் பள்ளியில் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு கொடுத்தார்கள். அறிவுசார் பொருளாதாரம். நிலத்தையும் மெஷினையும்விட மனிதர்களின் அறிவே பெரிய மூலதனம் ஆகிற பொருளாதாரம்... அக்காவிடம்தான் முதலில் பேசிக் காட்டினேன்.

"எங்க எம்.டி.யும் மீட்டிங்ல இதான் சொன்னாரு. நாலெட்ஜ் எகானமியாம். நம்ம மூளைதான் சொத்தாம்."

கையிலிருந்த சாம்பிளின் தையலை விரலால் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"அந்தச் சொத்து யாரு பேர்ல இருக்குன்னு கேட்டேன். டீ வந்துடுச்சி."

அதுவரை வெளிநாட்டிலிருந்து வருகிற படங்களைப் பார்த்து, தோல் வெட்டுவதற்கான பேட்டர்ன் போடுவதுதான் அவர் வேலை. இந்த முறை அவரே வரைந்த ஷூ முதன்முதலாக இத்தாலிக்குப் போயிருந்தது. ஆர்டர் வந்தால் டிசைன் ஷீட்டில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"பேச்சுல உங்களையே உதாரணமா சொல்லட்டுமாக்கா?"

"ஆர்டர் வரட்டும்டி. வரலைன்னா பேஜாராயிடும்."

அதற்கு முதலில் செய்து, நான் போட்டுப் பார்த்த வலது கால் சாம்பிளை என்னிடமே கொடுத்தார். ஆர்டர் வந்தால் இடது காலும் எனக்குத்தானாம்.

இன்று கல்லறைத் தோட்டத்தில், அவரோடு வேலை செய்கிற ரஹீம் அண்ணன் என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஆர்டர் ஓகே ஆயிடுச்சிம்மா. நேத்துதான் மெயில் வந்துச்சி."

"அக்கா பேரு போட்டாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

அவர் கர்சீப்பை மடித்துக்கொண்டே இருந்தார்.

"டிசைன் நம்பர்தான் பாப்பா போட்டுக்கீறாங்க."

வெள்ளிக்கிழமை போட்டி. பேச்சில் உதாரணம் வருகிற இடத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருந்தேன்...

ஆர்டர் வந்துடுச்சிக்கா.

உங்க பேரைச் சொல்லிடறேன். போய்ட்டு வாங்க.