எண்ணெய் படாத பாட்டில்

என் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவளுக்கு வர வேண்டியதும் சேர்த்து எனக்கே வந்துவிடும். பிறக்கும்போதே வீட்டிலிருந்த பொறுமை முழுவதையும் அவள் வாரிக்கொண்டு போய்விட்டாள், எனக்கு ஒரு சிட்டிகை கூட மிஞ்சவில்லை. நான் தையல்காரி. கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது என்னிடம் யாரும் வம்புக்கு வருவதில்லை.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறாள். பத்தொன்பது வருடமாக அதே தொட்டி, அதே ஜன்னல். “கழுவுறதுல என்னம்மா இருக்கு” என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்ல மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன். சோப்பு போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் மூன்று முறை அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு முறை அலசி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கினால் சுத்தம். அங்கங்கே துளித்துளியாக நின்றுவிட்டால் எங்கோ பிசுக்கு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு விரல் பட்ட பிசுக்கைக்கூட அவள் கண்ணிலிருந்து மறைக்க முடியாது. வீட்டில் தண்ணீர் குடிக்கும் டம்ளரைக்கூட அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.

எங்கள் இரண்டு வீடும் ஒரே மாடியில் எதிரெதிரே. நடுவில் ஐந்து எட்டு வைத்தால் முடிந்துவிடும் நடைபாதை. அவள் வீட்டு அடுப்பில் என்ன வதங்கினாலும் என் தையல் மிஷினுக்கு வாசனை வந்துவிடும்.

அவள் புருஷன், என் மாமா, பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவர். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் “பைலட்”. அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் அவருடைய அக்கா, அதாவது என் அக்காவுக்கு நாத்தனார். தம்பியைக் காக்கிச் சட்டையில் பார்த்தால் அந்த அம்மாவுக்குத் தலைகால் புரியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் தம்பி புராணம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில், பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது, மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்துவிட்டாராம். உள்ளே இருந்த முப்பது சொச்சம் பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். எண்ணெய் ஒரு சொட்டு கூடாது. வெண்ணெய், பால், கிரீம், முட்டை எதுவும் கூடாது. ஒன்பது கிலோ இளைக்க வேண்டும், ரத்தத்தில் கொழுப்பு இறங்க வேண்டும். நான்கு மாதம் கழித்து டிப்போ டாக்டர்கள் சோதிப்பார்கள். தேறினால் பழையபடி வண்டி. தேறாவிட்டால் மூன்று மாதத்தில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் டிரைவர் வேலை போய்விடும், டிப்போவில் பஸ் கழுவும் வேலைதான் மிச்சம்.

முதல் நாள் அக்கா வெள்ளரிக்காய், கேரட், முட்டைக்கோஸ், கீரை எல்லாம் நறுக்கி ஒரு தட்டு நிறைய வைத்தாள். மாமா தட்டைத் தள்ளிவிட்டார்.

“தழையைத் தின்னச் சொல்றியே, நான் என்ன ஆடா?”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன்.”

“ஆட்டுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தா மட்டும் மனுஷன் ஆயிடுமா?”

நானாக இருந்தால் அந்தத் தட்டை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அக்கா பேசாமல் எடுத்துக்கொண்டு போய், சாலட்டுக்கு ஊற்ற வெள்ளையாக, குழகுழவென்று ஒரு கிரீம் செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள். கடையில் கிடைப்பதெல்லாம் எண்ணெயும் முட்டையும் பாலும்தான். இது எதுவுமே இல்லாமல் கிரீம் வேண்டும் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. நானும் சிரித்தேன்.

முதல் தடவை முந்திரியை ஊறவைக்காமல் அரைத்தாள், மணல் மாதிரி பல்லில் கடித்தது. இரண்டாம் தடவை பூண்டு தூக்கலாகி, மாமா வாயைத் திறந்தாலே நாங்கள் இரண்டடி பின்னால் போக வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை தண்ணீர் அதிகமாகி, கிரீம் எல்லாம் தட்டின் அடியில் குளமாகத் தேங்க, தழை பழையபடி தழையாகவே நின்றது. முந்திரியிலும் கொழுப்பு உண்டே என்ற பயம் வேறு. லீவு போட்டு டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தாள். ஒரு பாட்டிலுக்கு எட்டு முந்திரி, அதற்கு மேல் ஒன்று கூடாது. மீதிக்கு வேகவைத்த வெள்ளை பீன்ஸ்.

கடைசியில் ஒருநாள் கைகூடியது. முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைப்பாள். குழைய வெந்த பீன்ஸ் ஒரு கப், எலுமிச்சைச் சாறு, பாதிப் பல் பூண்டு, கடுகு விழுது அரை ஸ்பூன், உப்பு. முந்திரி ஊறிய தண்ணீரையே ஸ்பூன் ஸ்பூனாக விட்டு மிக்ஸியில் ஓட்டுவாள். நடுநடுவே நிறுத்தி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பாள், ஒரு நொய் தட்டுப்பட்டாலும் மறுபடி ஓட்டுவாள். மிக்ஸி சூடேறி வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுவாள். பிறகு கண்ணாடி பாட்டிலில் ஊற்றினால் கரண்டியின் பின்பக்கத்தில் படிந்து நிற்கும், அப்படி ஒரு வெள்ளை.

மாமா ஒரு வாய் வைத்தார், இன்னொரு வாய் வைத்தார், பிறகு தட்டையே வழித்துவிட்டார். அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

அது முதல் தினமும் விடிகாலையில் அரைத்து, மாமாவின் மதியச் சாப்பாட்டுக்கு வைத்துவிட்டு, ஏழு மணிக்கு வேலைக்குப் போவாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து பாட்டிலைக் கழுவுவாள். “இதைப் பாரேன், சோப்பே வேண்டாம்” என்று எனக்குக் காட்டுவாள். பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு, அவ்வளவுதான், பாட்டில் பளிச்சென்று ஆகிவிடும். எண்ணெய் இல்லாத பண்டத்துக்குப் பிசுக்கு ஏது?

ஒரு மாதம் ஆனதும் மாமா, “நீ களைச்சுப் போய் வர்றே, பாட்டிலை நானே கழுவி வெச்சுடறேன்” என்றார். பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவாத மனுஷன். நோய் வந்தாலும் புத்தி வந்ததே என்று நான்கூட மெச்சிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்கு மாதம் முடிந்து சோதனை நடந்தது. முடிவு வந்த அன்றைக்கு நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. மாமா தேறவில்லை. எடை அரைக் கிலோதான் குறைந்திருந்தது, கொழுப்பு முன்னைவிட ஏறியிருந்தது. அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தாள்.

“டாக்டர் சொன்னது ஒண்ணு, நீ செஞ்சது ஒண்ணு. தினம் முந்திரியா அரைச்சு ஊத்தினா கொழுப்பு ஏறாம என்ன செய்யும்? ராஜா மாதிரி வண்டி ஓட்டினவனைத் துடைப்பம் பிடிக்க வெச்சுட்டியே.”

“எட்டுதான் அண்ணி போடறேன். டாக்டரைக் கேட்டுத்தான் போடறேன்.”

“எட்டோ எண்பதோ, யார் எண்ணிப் பார்த்தா? உனக்குக் கழுவத் தெரியும், சமைக்கத் தெரியுமா?”

மாமா நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே எழுந்து போய் நடு வீட்டில் நின்றேன். அக்கா கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அமளியில் மாமா பாட்டிலைக் கழுவ மறந்திருந்தார்.

வெகு நேரம் குழாயை மூடுகிற சத்தம் வரவில்லை. பிறகு அவள் வந்தாள். ஈரப் பாட்டிலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். உள்ளும் புறமும் துளித்துளியாகத் தண்ணீர் நின்றது, ஒரு துளிகூட வழியவில்லை.

“நாலு தடவை அலசிட்டேன். இதுல எண்ணெய் பட்டிருக்கு,” என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். வாரம் இரண்டு தரம் மதிய நேரத்தில் தம்பியைப் பார்க்க வருகிறவர் யார்? இளைத்துப் போனான், துரும்பாகிவிட்டான் என்று மூக்கைச் சிந்துகிறவர் யார்?

“நீங்கதான் ஊத்தியிருக்கீங்க,” என்றேன் நாத்தனாரிடம். “பாசம் பொங்கி எண்ணெயா ஊத்திட்டு, பழியை எங்கக்கா தலையில போடறீங்க. உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துபோனது. பிறகு, “நான் எண்ணெயைத் தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும்,” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அப்போதும் நான் நம்பவில்லை. இன்னும் நான்கு வார்த்தை நறுக்கென்று தயாராக வைத்திருந்தேன்.

“எங்க அக்காவைச் சொல்லாதே,” என்றார் மாமா சுவரைப் பார்த்தபடியே. “நான்தான் ஊத்தினேன்.”

எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பழைய ஷூ பெட்டியை இழுத்து வந்தார். உள்ளே ஓர் எண்ணெய் பாட்டில், முக்கால்வாசி காலி. எதையாவது பொரித்தால் எதிர் வீட்டில் நான் மோப்பம் பிடித்துவிடுவேன் என்று, பச்சை எண்ணெயை அந்த வெள்ளையில் ஊற்றிக் குலுக்கியிருக்கிறார். குலுக்கினால் நிறமும் மாறாது, வாசனையும் வராது.

“ருசியா இல்லைன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாமே மாமா,” என்றேன்.

“ருசிக்கு இல்ல. குமட்டும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் முழுங்குவேன்.”

“பின்னே எதுக்கு?”

“தேறக் கூடாதுன்னுதான்.”

அவரே மேலே சொன்னார். “அன்னிக்கு வண்டியை நான் நிறுத்தல. அதுவா நின்னுச்சு. என் கை எனக்குக் கட்டுப்படவே இல்ல. பின்னாடி ஒரு குழந்தை பாடிக்கிட்டு வந்துது. இப்பவும் பஸ் சத்தம் கேட்டா அந்தப் பாட்டுதான் கேக்குது, கை மரத்துப் போயிடுது. என்னால முடியாது.”

“சொல்ல வேண்டியதுதானேடா,” என்றார் அவர் அக்கா.

“யார்கிட்ட? பைலட், பைலட்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியற உன்கிட்டயா?”

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அந்த முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குரலை மட்டும் அவள் உயர்த்தவில்லை.

“எண்ணெயைக் குடிச்சுச் செத்துப் போயிருந்தா? நான் அரைச்சுக் குடுத்ததைத் தின்னுதான் செத்தார்னு காலம் பூரா நினைச்சுக்கிட்டிருப்பேன்.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

“பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாருக்கும்தான் பயம் வரும். உங்க அக்கா என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்களே, அப்ப நீங்க சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

“இன்னும் மூணு மாசத்துல இன்னொரு சோதனை இருக்கு. அதுல நீங்க தேறணும். தேறின பிறகு, எனக்கு வண்டி வேண்டாம், பயமா இருக்குன்னு டிப்போவுல நீங்களே போய்ச் சொல்லணும். என் பாட்டிலைச் சாக்கு வெச்சு இல்ல, உங்க வாயால. நாளையிலேருந்து நான் அரைக்க மாட்டேன், நீங்களே அரைங்க.”

அரைத்தார். முதல் வாரம் மணலும் குளமுமாகத்தான் வந்தது, அதைத்தான் தின்றார். ஷூ பெட்டி எண்ணெயை நாத்தனார் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார். நடைபாதையில் எதிர்ப்பட்டபோது நான், “அன்னிக்கு வாய் தவறிப் பேசிட்டேன்,” என்றேன். “நானும்தான்,” என்றார். அக்காவிடம் மட்டும் அந்த வார்த்தையை இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கணக்கை நான் மறக்க மாட்டேன்.

மூன்று மாதத்தில் பத்துக் கிலோ இளைத்து மாமா தேறினார். சான்றிதழை வாங்கிக்கொண்டு நேரே டிப்போ மேனேஜரிடம் போனார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

“சொல்லிட்டேன்,” என்றார்.

“என்னன்னு?” என்று கேட்டாள் அக்கா.

“பயமா இருக்குன்னு. பஸ் வந்து போற நேரம் குறிக்கிற ரூம்ல வேலை போட்டுக் குடுத்திருக்காங்க.”

அக்கா தலையை ஆட்டிவிட்டு அவருக்குத் தட்டு வைத்தாள். அவர் செய்த வெள்ளையை அவரே ஊற்றிக்கொண்டு தின்றார். தின்று முடித்ததும் எழுந்து போய், பாட்டிலைப் பச்சைத் தண்ணீரில் அலசி, மேடையில் கவிழ்த்து வைத்தார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதே அக்கா அந்தப் பாட்டிலை எடுத்தாள். இன்னொரு முறை தண்ணீர் விட்டு அலசி, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கியது.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கும் வேலையிலிருந்து வந்ததும் அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.