திரும்பிப் பார்க்காமல் போனவள்

கண் மருத்துவமனையில் அவளைச் 'சொட்டு மருந்தக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கண்பாவை விரிய மருந்து விடுவது அவள் வேலை. மருந்து விட்டதும் நோயாளிகள் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பொழுது போகட்டும் என்று கூடத்தில் ஒரு ரேடியோ வைத்திருந்தார்கள். அடிக்கடி அதில் அந்தப் பாட்டு வரும்.

'கதவோரம் நின்னேன், திரும்பியும் பாக்காமப் போனியே...'

மூடிய கண்களோடு பாதிப் பேர் கூடவே முணுமுணுப்பார்கள். சிலர் கன்னத்தைத் துடைத்துக்கொள்வார்கள். வழிவது மருந்தா கண்ணீரா என்று அவளுக்குத் தெரியாது. பாட்டில் திரும்பிப் பார்க்காமல் போனவள் தான்தான் என்பது மட்டும் தெரியும்.

எழுதிப் பாடியவன் அவள் புருஷன். அப்போது அவனுக்குப் பெயின்ட் கடையில் கலர் கலக்கும் வேலை. சாயங்காலமானால் கிட்டாரும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். ஒரு மத்தியானம் கைக்குழந்தைக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. "வண்டி கூப்பிடு!" என்று கத்தினாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றான். அவளே பிள்ளையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடி, குறுக்கே வந்த வாடகைக் காரில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை, வாஸ்தவம்தான். குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டு போனாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்குத் தூக்கிவந்தபோது அவனும் இல்லை, கிட்டாரும் இல்லை. பயந்து ஓடினானா, வெட்கப்பட்டுப் போனானா, கடைசிவரை அவளுக்கு விளங்கவில்லை.

மறு வருஷம் பாட்டு வந்தது. பஸ்ஸில், சலூனில், செருப்புக் கடையில், எங்கே போனாலும் அதுதான். அப்புறம் அது செல்போன் மணியானது. மெத்தை விளம்பரத்தில் புகுந்தது. பால்பல் விழாத பிள்ளைகள்கூடப் போட்டி மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடின. "பாவி, எப்படித்தான் மனசு வந்துச்சோ அவளுக்கு!" என்று பக்கத்து வீட்டுக்காரி அவளிடமே அங்கலாய்த்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த சொந்த அக்காவும் ஒருநாள் கேட்டுவிட்டாள்: "இருந்தாலும் நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்ல?"

பிழைத்த அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளானதும், மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் பொறுமையாகக் கேட்டாள். "நீ சொல்றதை நம்புறேம்மா. ஆனா அந்தப் பாட்டைக் கேட்டா அவர் மேலதான் பாவமா வருது. நான் என்ன பண்றது?"

அவன் தலை நரைத்தபின் டிவியில் ஒரு பேட்டி வந்தது. "அவங்களை எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றான். கைதட்டினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கிப் போன் போட்டாள்.

"நான்தான் பேசறேன். எதுக்கு என்னை மன்னிச்சே?"

அந்தப் பக்கம் அவன் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"பாப்பாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத்தானே ஓடினேன்?"

"தெரியும்" என்றான் மெதுவாக. "ஆனா இத்தனை வருஷமா பாடிப் பாடி, கண்ணை மூடினா நீ பெட்டியோட போறதுதான் தெரியுது."

"பெட்டியா? நம்மகிட்ட ஏது பெட்டி?"

"பாட்டுல இருக்கு."

"ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லிட்டுப் பாடேன்."

"சொன்னேன். ஒரு மேடையில சொல்லிப் பார்த்தேன். தமாஷ்னு நினைச்சுச் சிரிச்சாங்க. என்னோட வேற பாட்டு எதையும் யாரும் கேக்கறதில்ல. இது இப்ப என் கையில இல்லடி."

திட்ட வாயெடுத்தாள். அவன் விசும்புவது கேட்டது. "சரி, உடம்பைப் பார்த்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்தபிறகு தன் மேலேயே கோபம் வந்தது.

மகள் கல்யாண வரவேற்பில் கச்சேரிக்காரர்களிடம் மகளே முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்தாள், அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் என்று. அவர்கள் வாசிக்கவும் இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பாதான் விவரம் தெரியாமல் எழுந்து முதல் அடியை எடுத்தார். மண்டபமே சேர்ந்துகொண்டது. நூறு இருநூறு பேர் கையசைத்துப் பாடும்போது யார் வாயைப் போய்ப் பொத்துவது?

மணப்பெண் மேடையிலிருந்து இறங்கி வந்து, அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கார்கள் நிற்கும் இடத்துக்கும் பாட்டு கேட்டது. மகள் பட்டுப்புடவையோடு ஒரு காரின் மேல் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, அன்னிக்கு நான் அழுதேனா?"

"இல்லம்மா. சத்தமே வரல. அதான் எனக்கு..."

மேலே அவள் சொன்னது மகளுக்குக் கேட்கவில்லை. உள்ளே கடைசி அடியை எல்லோரும் அடித்தொண்டையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டு முடியட்டும், சொல்லு" என்றாள் மகள்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அதற்குள் உள்ளே ஒன்ஸ் மோர் கேட்டார்கள்.