இலையில்லாத மரத்துப் பூ

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஆம்பூரில் எனக்குத் தெரியாத பூ கிடையாது. அறிவியல் டீச்சர் கேட்ட பூ ஆல்பத்தில் மற்றவர்கள் பத்துப் பூ ஒட்டியபோது நான் நாற்பது ஒட்டியிருந்தேன். அதனால், எங்கள் வீட்டிலேயே தங்கி டேனரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து, "பாப்பா, அணைக்கட்டுல ஒரு மஞ்சள் பூ பார்த்தேன். அது இன்னா பூ?" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அணைக்கட்டு என்கிற ஊரில், கூட வேலை செய்யும் தோஸ்த் வீட்டுக்குப் போயிருந்தாராம். வீட்டுக்குப் பின்னால் பாறை, பாறைமேல் மரம், மரமெல்லாம் பூ. அந்த தோஸ்த்தின் தங்கைதான் அதன் பேர் தெரியுமா என்று கேட்டாளாம். மாமாவுக்குத் தெரியவில்லை. மானப் பிரச்சினை.

அம்மா நர்ஸ். நோயாளியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பது எனக்கு அத்துப்படி. நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன மஞ்சள்? மாமாவுக்கு டேனரியில் தோலுக்குக் கலர் பார்க்கிற வேலை. "எங்க லெமனும் இல்ல, மஸ்டர்டும் இல்ல. லெமன்ல ஒரு சொட்டு ஆரஞ்சு ஜாஸ்தியா உட்டா வருமே, அது" என்றார். எத்தனை இதழ்? "எண்ணலையே பாப்பா." இலை எப்படி? "கவனிக்கலையே."

"போய்ப் பார்த்துட்டு வாங்க மாமா" என்றேன்.

போனார். அடுத்த ஞாயிறு, ஐந்து இதழ் என்று வந்து சொன்னார். இலையைப் பார்க்க மறந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு, மரத்தில் இலையே இல்லை என்ற செய்தி வந்தது. பூ எவ்வளவு பெரிது என்று பார்க்க மறந்துவிட்டார். கடவுளே, இப்படியும் ஒரு மண்டு இருக்குமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பூவைக் கொண்டுவரக்கூடாதா என்றால், மரம் உயரம், கீழே விழுந்தது பஸ்ஸில் வாடிப்போகும் என்று ஏதாவது சொல்வார். நான் திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே நிற்பார்.

மரம் மட்டும் எனக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அதுதான் தெரியும். ஒரு வாரம் அதன் இலைகள் உதிர்ந்தன. அடுத்த வாரம் பூக்கள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன. தோல் நாற்றம் எட்டாத ஏதோ ஓர் இடத்தில், வெயிலுக்குள், காற்றே இல்லாமல் அது மஞ்சளாக அசைந்தது. கண்ணைத் திறந்தால் எல்லோரும் எழுந்து பாடிக்கொண்டிருப்பார்கள்.

நோட்டை டீச்சரிடம் காட்டினேன். "கோங்கு மாதிரி இருக்கு. வாசனை உண்டான்னு கேளு. கோங்குன்னா பெருசா வாசனை இருக்காது" என்றார்.

மாமாவைக் கேட்டேன். திருதிருவென்று முழித்தார். பத்து வருஷ டேனரி வேலையில் அவருக்கு மூக்கே செத்துப்போயிருந்தது. பக்கத்திலேயே பால் தீய்ந்தாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வேறு வழியில்லாமல் அடுத்த ஞாயிறு ஒரு பூவைக் கைக்குட்டையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார்.

சாதாரண வெள்ளைக் கைக்குட்டை. நடுவில் கொஞ்சம் துவண்ட பூ. மூக்கை வைத்து நன்றாக இழுத்தேன். ஐயோ, எனக்கு வந்த குஷி!

"அம்மா! இந்தப் பூவுல பவுடர் வாசனை வருது! தேங்காயெண்ணெய் வாசனைகூட வருது!"

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். பூவை எடுத்து முகர்ந்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையை முகர்ந்தாள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு அது வெறும் துணி.

"யாருதுடா இது? அந்தப் பொண்ணோடதா?"

மாமா கைக்குட்டைக்குக் கை நீட்டினார்.

"அவங்க வேற, நாம வேற. குடியாத்தத்துப் பொண்ணு வீட்டுக்கு வார்த்தை குடுத்தாச்சு. சர்ச்சுல நான் எப்டிடா தலநிமிர்ந்து நடக்கறது?"

"அக்கா..." என்று மாமா பின்னாலேயே போனார். அம்மா கைக்குட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள்.

ஆல்பத்தில் ஒட்டும்போது மறுபடி முகர்ந்து பார்த்தேன். பூவில் ஒன்றுமே இல்லை. 'பெயர்: கோங்கு. வாசனை: இல்லை' என்று எழுதினேன். அதற்கப்புறம் மாமா அணைக்கட்டுக்குப் போகவில்லை. பேர்தான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேனே, இனி எதற்குப் போகவேண்டும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மே மாதம் குடியாத்தத்துப் பெண்ணோடு மாமாவுக்குக் கல்யாணம். பூக்கூடை பிடித்து முன்னால் நடக்கப்போகிற சந்தோஷத்தில் நான் பறந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மத்தியானம் மாமா என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"பாப்பா, அன்னிக்கு இன்னா வாசனை வருதுன்ன?"

"அந்தப் பூவுக்கு வாசனையே இல்ல மாமா. ஆல்பத்துலகூட எழுதிட்டேன்."

"பூவ உடு. அந்தத் துணியில."

பவுடர், தேங்காயெண்ணெய், அப்புறம் பெட்டிக்குள் நாள்கணக்கில் மடித்துவைத்த துணிக்கு வருமே ஒரு வாசனை, அது என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சொன்னேன். "மெதுவா சொல்லு" என்றார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிட்டு, நான் விளையாட ஓடிப்போனேன்.